பெயருக்கு ஒரு துணை: கூப்பர் ஆற்றில் சுறாப் பல் தேடப் போன ஒரு டைவின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், கூப்பர் ஆற்றின் மேற்குக் கிளையில் தொல்சுறாப் பல் தேடி இரண்டு டைவர்கள் இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் 34 அடி ஆழத்தில் தன் சொந்த வழிக்கயிற்றிலும் யாரோ விட்டுப்போன தூண்டில் நரம்பிலும் சிக்கிக்கொண்டு, காற்று டேங்க் காலியாகும் தறுவாயில் விடுபட்டு மேலே வந்தார். யாருக்கும் நிரந்தரக் காயம் இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுத முடிகிறது. இருட்டு ஆற்று விபத்துகளில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியவர் பெரும்பாலும் மிஞ்சுவதில்லை.

ஆழத்தையும் நேரத்தையும் பதியும் இரண்டு டைவ் கம்ப்யூட்டர்களின் பதிவு, படகின் ஜிபிஎஸ் தடம், டைவர்கள் இருவரும் படகோட்டியும் தனித்தனியாகச் சொன்னது ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்தி நேர வரிசையை அமைத்திருக்கிறேன். ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

ஆறும் பற்களும்

சுறாவின் உடலில் எலும்பு கிடையாது, குருத்தெலும்புதான். செத்தபின் அது மட்கிப் போகும்; பல் மட்டும் தங்கும். ஒரு சுறா வாழ்நாளில் ஆயிரக்கணக்கான பற்களை உதிர்க்கிறது. தென் கரோலினாவின் கரையோரத் தாழ்நிலம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் பலமுறை கடலுக்கு அடியில் போய் வந்த நிலம். அந்தக் கடல்களில் திரிந்த மெகலடான் என்ற ராட்சதச் சுறா சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மறைந்தது. அதன் பெரிய பற்கள் 7 அங்குலம் வரை போகும். கூப்பர் ஆறு அந்தப் பழைய கடலடிப் படிவுகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. மண் கரைந்து போய்விடும். கனமான பல், எலும்புத் துண்டு, கூழாங்கல் எல்லாம் பள்ளங்களில் சரளைப் படுகையாகச் சேரும். டைவர்கள் தேடுவது அந்தப் படுகைகளைத்தான்.

இது புது மோகம் இல்லை. 1867 முதல் சார்ல்ஸ்டன் பக்கம் உரத்துக்காகப் பாஸ்பேட் வெட்டியபோதே, ஆஷ்லி ஆற்றோரப் பாறையோடு சுறாப் பற்களும் ஏராளமாக வெளியே வந்தன. (நம் அரியலூர் வட்டாரத்துக் காரைப் படிவுகளிலும் சுறாப் பல் கிடைக்கிறது. அவை டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தவை, மெகலடானைவிட மிக மிகப் பழையவை. அங்கே டேங்க் தேவையில்லை, தொப்பியும் தண்ணீரும் போதும்.)

ஆற்று நீர் கறுப்பாக இருப்பது சாக்கடையால் இல்லை. சதுப்பு நிலத்தில் ஊறும் இலைகளிலிருந்தும் மரப்பட்டையிலிருந்தும் டானின் என்ற பழுப்புச் சாயம் இறங்குகிறது. கையில் அள்ளினால் பால் ஊற்றாத டீ நிறம். 10 அடி இறங்கினால் பகல் போய்விடும். அடியில் விளக்கு வைத்திருந்தாலும் ஒரு அடிக்கு மேல் தெரிந்தால் அது நல்ல நாள். கையை ஊன்றினால் கிளம்பும் சேறு அந்த ஒரு அடியையும் எடுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். இந்த ஆற்றில் கடலின் ஏற்றவற்றம் உள்ளே வரை வருகிறது. மேலே 1942-இல் முடிந்த பினோபொலிஸ் அணையும் மின்நிலையமும் இருக்கின்றன. டர்பைன்கள் ஓடும்போது அணைக்குப் பின்னால் உள்ள மோல்ட்ரி ஏரி நீர் ஆற்றில் இறங்கும். 1985-இல் ஏரி நீரில் பெரும்பங்கை, அது முதலில் வந்த சான்டீ ஆற்றுக்கே திருப்பிவிட்டபின் கூப்பரில் வரத்து குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அணை நீர் வரும் நாளில் ஏற்றம் சீக்கிரம் தளரும், வற்றத்தின் இழுப்பு கூடும். இரண்டுக்கும் நடுவே நீர் அசையாமல் நிற்கும் நேரத்தைத்தான் டைவர்கள் பயன்படுத்துவார்கள். ஏற்ற அட்டவணை சொல்லும் மணிக்கு முன்பே அது வந்து முடிந்துபோகலாம்.

விதிகள் தெளிவானவை. 1991-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி, நீருக்கடியில் உள்ள தொல்பொருளையும் புதைபடிவத்தையும் எடுக்கப் பொழுதுபோக்கு டைவர் உரிமம் வேண்டும். கையால் எடுக்கலாம், இயந்திரம் வைத்துத் தோண்டக் கூடாது. எடுத்ததை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும். இந்த நிகழ்வில் இருவரிடமும் உரிமம் இருந்தது.

முதலைகளைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. அலிகேட்டர்கள் ஆற்றில் உண்டு. அன்று இந்தக் கதையில் அவற்றுக்கு எந்தப் பங்கும் இல்லை.

மூவர்

மூத்த டைவர் ஐம்பதுகளில் இருப்பவர். பல ஆண்டுகளாக இதே ஆற்றில் இறங்குகிறவர். முதுகில் பெரிய ஸ்டீல் டேங்க், பக்கவாட்டில் தனி ரெகுலேட்டரோடு (வாயில் கடித்து மூச்சிழுக்கும் கருவி) ஒரு போனி பாட்டில், அதாவது மாற்றுக் காற்றுக்கான சிறிய டேங்க், மிதக்காமல் இறங்க உதவும் எடைகள் இடுப்புப் பட்டையில், கத்தரி இரண்டு இடங்களில். தனியாக இறங்கி, சிக்கலைத் தானே தீர்த்து, தானே ஏறி வருவதற்கான ஏற்பாடு அது.

இளைய டைவருக்கு முப்பது வயதிருக்கும். கரீபியன் கடலிலும் ஃப்ளோரிடாவிலும் நல்ல அனுபவம். கறுப்பு நீரில் அது முதல் பருவம். 80 கன அடி அலுமினிய டேங்க், 7 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை), எடைகள் முழுவதும் டேங்க்கைத் தாங்கும் ஜாக்கெட்டின் பைகளில், இடுப்பில் ஒரு கத்தரி. போனி பாட்டில் இல்லை. டைவிங் ஜாக்கெட்டும் ரெகுலேட்டரும் வாடகைக்கு எடுத்தவை. காற்றழுத்தத்தையும் சேர்த்துப் பதிவு செய்யும் கன்சோல் கம்ப்யூட்டர் அதில் இருந்தது. கீழே வரும் எண்கள் அதிலிருந்து கிடைத்தவை.

படகோட்டி தொழில்முறைக்காரர். படகில் அவர் ஒருவர்தான். முதலுதவி ஆக்ஸிஜன் வைத்திருந்தார். நங்கூரக் கயிற்றின் மேல்முனையில் பெரிய ஆரஞ்சு மிதவை கட்டும் பழக்கமும் அவருக்கு உண்டு. ஒரே இழுப்பில் கயிற்றைக் கழற்றி மிதவையோடு ஆற்றில் விட்டுவிடலாம்.

இறங்கும் முன் எடுத்த முடிவுகள்

காலையில் படகிலேயே பேசிக்கொண்டார்கள். ஏற்ற அட்டவணையின்படி நீர் நிற்கும் நேரம் 11:10 முதல் 11:40 வரை என்று கணக்கு. ஏற்றம் தளரும்போதே இறங்கினால் நிற்கும் நேரம் முழுவதும் கிடைக்கும் என்று 10:50-க்கு இறங்க முடிவு செய்தார்கள். அணையில் அன்று மின் உற்பத்தி உண்டா என்று யாரும் பார்க்கவில்லை. முந்தைய வாரங்களில் அது பிரச்சினையாக இருந்ததில்லை என்பதுதான் காரணம்.

அடியில் சேர்ந்து இருப்பதில்லை என்பது அடுத்த முடிவு. ஒரு அடி தெரியும் நீரில் இருவர் அருகருகே தேடினால் ஒருவர் கிளப்பும் சேறு மற்றவர் கண்ணை மறைக்கும், கால்துடுப்பு முகத்தில் அடிக்கும். ஆகவே நங்கூரம் வரை ஒன்றாக இறங்கி, ஒருவர் இடப்பக்கமும் மற்றவர் வலப்பக்கமும் போவது என்றார்கள். இங்கே இது பரவலான வழக்கம். இதில் தவறில்லை, இருவரும் தனியாக இறங்குவதற்கான சாமான்களோடு இருந்தால். இங்கே ஒருவரிடம்தான் அது இருந்தது. பெயரளவில் இருவரும் ஒருவருக்கொருவர் துணை; அடியில் இளையவருக்குத் துணை இல்லை, மாற்றுக் காற்றும் இல்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். துணையே இல்லை என்று தெரிந்திருந்தால் அவர் போனி பாட்டில் இல்லாமல் இறங்கியிருக்க மாட்டார். அதை அவரே சொன்னார்.

திரும்பிவர வழி தெரிய வேண்டும் என்பதற்காக இளையவர் கயிறு சுற்றிய ஒரு ரீல் கொண்டுபோனார். கயிற்றின் முனையை நங்கூரத்தில் கட்டிவிட்டு, அவிழ்த்துக்கொண்டே போய், சுற்றிக்கொண்டே திரும்புவது அவர் திட்டம். மூத்தவருக்கு அதில் விருப்பமில்லை. மரக்கட்டைகள் கிடக்கும் ஆற்றில் கயிறே கண்ணி ஆகும் என்றார். ஆனால் தடுக்கவில்லை. டேங்க்கின் காற்றழுத்தம் 1000 பிஎஸ்ஐ-க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) வந்ததும் ஏறிவிட வேண்டும் என்பதில் இருவரும் உடன்பட்டார்கள். மேலேயிருந்து அழைக்க என்ன சமிக்ஞை என்று பேசவில்லை.

அடியில்: 10:52 முதல் 11:24 வரை

10:52-க்கு இருவரும் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கினார்கள். அடியில் இளையவர் கயிற்றைக் கட்டியது நங்கூரத்தில் இல்லை. நங்கூரம் பாதி மண்ணில் புதைந்திருந்ததால், அதிலிருந்து ஆறேழு அடி தள்ளி, சங்கிலியில் கட்டினார். அந்த நேரத்தில் அது சின்ன விஷயமாகத்தான் தெரிந்திருக்கும்.

முதல் பத்து நிமிடம் வெறும் களிமண். இந்த ஆற்றில் நீந்துவது கிடையாது. நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்தி, அதைப் பிடித்து உடலை முன்னே இழுத்து, மறுபடி குத்தி நகர வேண்டும். களிமண்ணில் அது சத்தமில்லாமல் இறங்கும். சரளை வந்ததும் கையில் நறநறவென்று அதிரும். இளையவருக்கு அந்த அதிர்வு 11:03 வாக்கில் கிடைத்தது. அங்கேயே நின்றார். கன்னம் தரையில் படும்படி படுத்து, விளக்கை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு கல்லாகப் புரட்டினார். முதலில் பாதி உடைந்த பல், பிறகு இரண்டு சிறியவை, பிறகு ஏறத்தாழ 5 அங்குல மெகலடான் பல். விளிம்பில் ரம்பப் பற்கள் கட்டைவிரலில் தட்டும் அளவுக்கு நல்ல நிலையில் இருந்தது. நன்றாகப் பாதுகாக்கப்பட்ட பெரிய பல் பல நூறு டாலருக்கு விலை போகும், அது வேறு கதை. எல்லாம் இடுப்பில் கொக்கி போட்டிருந்த வலைப்பைக்குள் போனது.

இந்த இருபது நிமிடத்தில் அவர் காற்றழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தது ஒரே ஒருமுறை என்று நினைவு. அதைப் பார்ப்பதும் சுலபமில்லை. கன்சோலை மாஸ்க்கின் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, பக்கவாட்டிலிருந்து விளக்கடித்தால்தான் எண் தெரியும். அதற்கு இரண்டு கையும் வேண்டும். இரண்டு கையும் சரளையில் இருந்தன.

11:19-இல் கயிறு தொய்ந்திருப்பதைக் கவனித்தார். நங்கூரத்துக்கு அருகில் வந்துவிட்டோம் போல என்று நினைத்து, சுற்றிக்கொண்டே கயிற்றைத் தொடர்ந்தார். அதற்குள் நீர் எதிர்ப்பக்கமாக இழுக்கத் தொடங்கியிருந்தது. கயிறு ஒரு பெரிய மரக்கட்டைக்கு அடியில் போயிற்று. வரும்போது அப்படி ஒரு கட்டை இல்லை. கட்டையைத் தடவிக்கொண்டு போனபோது பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தாற்போல நின்றுவிட்டார். மணி 11:24. அழுத்தம் 900.

அதே நேரம் படகில்

நங்கூரமிட்ட படகு எப்போதும் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துக்கொள்ளும். ஏற்றம் தளர்ந்து வற்றம் தொடங்கினால் படகு அப்படியே அரைவட்டம் திரும்பும். 11:30-க்குப் பிறகு நடக்க வேண்டிய இந்தத் திருப்பம் 11:14-க்கே தொடங்கியது. ஜிபிஎஸ் தடத்தில் அது தெளிவாக இருக்கிறது. படகோட்டி உடனே கவனித்தார். நீர் வேகமெடுப்பதும் தெரிந்தது. டைவர்களைக் கூப்பிட வேண்டும் என்று முடிவு செய்து, 11:20 வாக்கில் ஸ்பானரால் இரும்பு ஏணியை மும்மூன்றாகத் தட்டினார். இளையவருக்குக் கேட்கவில்லை. மூத்தவருக்குக் கேட்டது, பக்கத்துப் படகு ஏதோ நங்கூரத்தைத் தூக்குகிறது என்று எண்ணிவிட்டார். அந்த ஒலிக்கு என்ன பொருள் என்று முன்பே பேசியிருந்தால் அவர் அப்போதே ஏறியிருப்பார்.

படகு திரும்பியதன் விளைவு அடியில்தான் அதிகம். படகு சுழன்றபோது நங்கூரச் சங்கிலியும் தரையைப் பெருக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. இளையவர் கயிற்றைக் கட்டியது சங்கிலியில். கட்டிய இடமே நகர்ந்து, கயிறு தளர்ந்து, புதுப் பாதையில் கட்டையைச் சுற்றிக்கொண்டது. அவர் திரும்பி வந்த வழி அவர் போன வழியே இல்லை. இதை அன்று மூவரில் யாரும் உணரவில்லை. பிறகு ஜிபிஎஸ் தடத்தைக் காகிதத்தில் வரைந்து பார்த்தபோதுதான் புரிந்தது.

சிக்கிய ஐந்து நிமிடங்கள்

அவரைப் பிடித்திருந்தவை மூன்று. கட்டையில் ஏற்கெனவே சுற்றிக் கிடந்த பின்னல் தூண்டில் நரம்பு கழுத்துக்குப் பின்னால் டேங்க் வால்வில் மாட்டியிருந்தது. அவருடைய ரீல் கயிறு இடது காலைச் சுற்றியிருந்தது. வலைப்பை கட்டையின் அடியில் செருகிக்கொண்டிருந்தது. எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்கு பழுப்பு நிறமாக ஒரு மூட்டத்தை மட்டும் காட்டியது.

அதுவரை நிமிடத்துக்குச் சராசரியாக 65 பிஎஸ்ஐ செலவழித்தவர், இந்த ஐந்து நிமிடத்தில் 130 செலவழித்தார். 33 அடியில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரு மடங்கு, ஒவ்வொரு மூச்சுக்கும் இரு மடங்கு காற்று போகும். பதற்றம் அதை மறுபடி இரட்டிப்பாக்கியது. அந்த வேகத்தில் 900 பிஎஸ்ஐ ஏழு நிமிடத்துக்குத்தான் வரும்.

முதலில் முன்னால் இழுத்துப் பார்த்தார். நரம்பு இறுகியது. பிறகு நின்று, கட்டையைக் கட்டிக்கொண்டு, சில மூச்சுகள் எதுவும் செய்யாமல் இருந்தார். அடுத்து காலைச் சுற்றிய கயிற்றைத் தடவிக் கண்டுபிடித்து வெட்டினார். இதுவரை எல்லாம் சரி. பிறகு பையை விடுவிக்க ஒரு நிமிடத்துக்கு மேல் போராடினார். கொக்கியைத் திறந்தால் பை போய்விடும், இரண்டு விநாடி வேலை. திறக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொன்னார்: பல் அதில் இருந்தது. கடைசியில் 650 வாக்கில் கொக்கியைத் திறந்தார்.

மிச்சம் கழுத்துக்குப் பின்னால் இருந்த நரம்பு. கை எட்டவில்லை. நீச்சல்குளத்தில் கற்றுக்கொடுத்தபடி ஜாக்கெட்டை முழுவதும் கழற்றி முன்னால் கொண்டுவந்து வெட்டலாம் என்று பட்டையில் கை வைத்துவிட்டார். அங்கேதான் ஒரு விஷயம் உறைத்தது. எடைகள் எல்லாம் ஜாக்கெட்டில். அதைக் கழற்றினால் ஜாக்கெட் அடியில் நிற்கும். தடித்த வெட்சூட் போட்ட உடல் மேலே கிளம்பும். இரண்டையும் இணைப்பது பல்லில் கடித்திருக்கும் ரெகுலேட்டர் மட்டும். குளத்தில் மெல்லிய உடையில் இது தெரியவே தெரியாது. அவர் முழுதும் கழற்றவில்லை. இடது தோள்பட்டையை மட்டும் தளர்த்தி, கையை வெளியே எடுத்து, டேங்க்கை வலப்பக்கமாகத் திருகினார். வால்வு கையில் பட்டது. மூன்று இழை நரம்பு. இரண்டு எளிதாக அறுந்தன, மூன்றாவதற்குக் கத்தரியைப் பலமுறை அழுத்த வேண்டியிருந்தது. வலது தோள் பிடித்துக்கொண்டது இந்தத் திருகலில்தான்.

அந்த ஐந்து நிமிடத்தில் அவர் எடுத்த மிகச் சிறந்த முடிவு பட்டையை முழுதும் கழற்றாமல் விட்டது. அதற்கு நிதானம் வேண்டும். முன்னால் சில மூச்சுகள் சும்மா இருந்ததில்தான் அது கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

நங்கூரக் கயிற்றைத் தேடும் யோசனையை விட்டுவிட்டு, இருந்த இடத்திலிருந்தே நேராக ஏறினார். 34 அடியை ஏறத்தாழ 25 விநாடியில் கடந்திருக்கிறார், அதாவது நிமிடத்துக்கு 80 அடி வேகம், பரிந்துரைக்கப்படுவது 30. ஏறும்போது மூச்சை அடக்காமல் ‘ஆ’ என்று விட்டுக்கொண்டே வந்தார். ஆழம் குறைவுதானே என்று இதை லேசாக எடுக்கக் கூடாது. கடைசி 33 அடியில்தான் நுரையீரலில் உள்ள காற்று இரு மடங்காக விரிகிறது. 11:29-க்கு மேலே வந்தபோது 250 பிஎஸ்ஐ மிச்சம்.

படகோட்டியின் சிக்கல்

இளையவர் படகிலிருந்து நீரோட்டத் திசையில் 60 மீட்டர் தள்ளித் தலைகாட்டினார், விசில் ஊதினார், நீரோட்டம் அவரை இழுத்துக்கொண்டு போனது. மூத்தவர் இன்னும் அடியில். நங்கூரத்தை இழுத்தால் அடியில் இருப்பவருக்குத் திரும்பும் கயிறு போய்விடும். இஞ்சினைப் போட்டால் அவர் தலைக்கு மேலே புரொப்பெல்லர். சும்மா இருந்தால் இளையவர் வளைவைத் தாண்டிப் படகுகள் வேகமாக வரும் பகுதிக்குப் போய்விடுவார்.

படகோட்டி அவசரப்படாமல் முதலில் மூத்தவரின் குமிழிகளைத் தேடினார். படகுக்கு இடப்பக்கம், கொஞ்சம் கீழே தெரிந்தன. நங்கூரக் கயிற்றை மிதவையோடு கழற்றி விட்டார். இஞ்சினைப் போடாமல் நீரோட்டத்திலேயே மிதந்து, கழியால் ஊன்றி ஒதுங்கி, குமிழிகளை நன்றாகத் தாண்டியபின்தான் இஞ்சினைக் கிளப்பினார். 11:36-க்கு இளையவரைச் சதுப்புப் புல்லைப் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் ஏற்றினார்.

மூத்தவர் 11:41-க்கு மேலே வந்தார். படகைக் காணோம், மிதவை இருந்தது. அதைப் பார்த்ததுமே என்ன நடந்திருக்கும் என்று புரிந்துவிட்டது என்கிறார். தன் இடத்தைக் காட்டும் ஆரஞ்சுக் குழாயை ஊதி நிமிர்த்திப் பிடித்துக் காத்திருந்தார். ஆறு நிமிடத்தில் படகு வந்தது.

மேலே வந்தபின்

இளையவருக்குக் கடும் தலைவலி, தோள் வலி, நடுக்கம். பேச்சும் நடையும் சரியாக இருந்தன. படகோட்டி உடனே ஆக்ஸிஜன் கொடுத்துவிட்டு, டைவிங் மருத்துவ அவசர எண்ணை அழைத்தார். மரத்துப்போன உணர்வு, மார்வலி, பார்வைக் கோளாறு, தள்ளாட்டம் உண்டா என்று கேட்டார்கள். இல்லை. ஆக்ஸிஜனை நிறுத்தாமல் அருகில் உள்ள அவசரப் பிரிவுக்குப் போகவும், டைவ் கம்ப்யூட்டரைக் கையோடு கொண்டுபோகவும் சொன்னார்கள்.

இளையவர் தலைவலிதானே என்று காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகப் பார்த்தார். மற்ற இருவரும் விடவில்லை. அவர்கள் செய்தது சரி. வேகமாக ஏறியதில் நுரையீரலிலிருந்து காற்று ரத்தத்தில் கலந்திருந்தால் அது பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். ஆனால் அழுத்தக்குறைவு நோய், அதாவது உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாவது, சில மணி நேரம் கழித்தும் காட்டலாம். தோள் வலி அதன் வழக்கமான அறிகுறிகளில் ஒன்று. திருகியதால் வந்த தசைப்பிடிப்பா, குமிழியா என்று நோயாளியே தீர்மானிக்க முடியாது.

மார்பு எக்ஸ்ரே, நரம்புப் பரிசோதனை இரண்டும் இயல்பு. சில மணி நேரம் கண்காணித்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் குமிழிகளைக் கரைக்கும் அழுத்த அறைச் சிகிச்சை தேவைப்படவில்லை. தலைவலி, கடும் உழைப்பில் மூச்சு மேலோட்டமாகிக் கார்பன் டை ஆக்சைடு தேங்கியதால் வந்திருக்கலாம் என்பது மருத்துவர் கருத்து. தோள் சரியாகச் சில வாரங்கள் ஆயின.

பின்னோக்கிப் பார்க்கும்போது

இதைக் கேட்பவர்கள் முதலில் பையைப் பிடித்துக்கொள்கிறார்கள்: பல்லுக்காக உயிரைப் பணயம் வைத்தாரே என்று. அந்த ஒரு நிமிடம் பெரிய விலைதான். ஆனால் அவர் போனி பாட்டிலோடு இருந்திருந்தால் அது வெறும் முட்டாள்தனமாக முடிந்திருக்கும். அவர் அதுவும் இல்லாமல் இறங்கியதற்குக் காரணம், இருவர் சேர்ந்து போகிறோம் என்ற எண்ணம். அடியில் பிரிந்துவிடுவோம் என்று இருவரும் பேசி முடிவெடுத்த பிறகும் அந்த எண்ணம் மாறவில்லை. மூத்தவரும் மாற்றுக் காற்று எங்கே என்று கேட்கவில்லை. அவர் தன்னளவில் தனியாக இறங்கித் தனியாக ஏறிப் பழகியவர்.

1000 பிஎஸ்ஐ-யில் ஏறுவது என்ற முடிவும் நல்ல முடிவுதான், கேஜ் தெரியும் கடலில். கைவேலையோடு இருப்பவர் கேஜைப் பார்க்கவே மாட்டார் என்று எடுத்துக்கொண்டு, நேரத்தை வைத்துத் திட்டமிடுவதே இங்கே உகந்தது. 80 கன அடி டேங்க், நிமிடத்துக்கு இவர் எடுக்கும் காற்று, 34 அடி ஆழம் மூன்றும் தெரிந்தவை. 25 நிமிடத்தில் கையில் அதிரும் அலாரம் வைத்திருந்தால், கயிறு தொய்வதற்கு முன்பே, 1300-க்கு மேல் மிச்சம் இருக்கும்போதே திரும்பியிருப்பார்.

ஏற்றவற்றக் கணக்கைப் பொறுத்தவரை, அட்டவணை பொய் சொல்லவில்லை. அது கடலை மட்டும் கணக்கில் எடுக்கிறது. அணையின் நீர் வெளியேற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதற்கும் மேலாகப் படகு திரும்பத் தொடங்கியதையே முதல் எச்சரிக்கையாக எடுக்க வேண்டும்.

மாறியவை

படகோட்டி இப்போது மாற்றுக் காற்று இல்லாத யாரையும் இறக்குவதில்லை. படகில் வாடகைக்கு இரண்டு போனி பாட்டில்கள் வைத்திருக்கிறார். ஏணியில் மூன்று தட்டு என்றால் உடனே ஏற வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லிக் காட்டுகிறார். அவரோடு இன்னொருவர் எப்போதும் வருகிறார், அவருடைய வேலை குமிழிகளைப் பார்ப்பது மட்டும். மிதவைக் கயிறு அப்படியே தொடர்கிறது. அன்று எல்லாவற்றிலும் சரியாக வேலை செய்த ஒரே ஏற்பாடு அது.

இளையவர் எடையில் பாதியை இடுப்புப் பட்டைக்கு மாற்றியிருக்கிறார். இரண்டாவது கத்தரி மார்புப் பட்டையில், எந்தக் கையும் எட்டும் இடத்தில் இருக்கிறது. பையின் கொக்கி, கையுறையோடு ஒரே இழுப்பில் திறக்கும் வகை.

ரீல் விஷயத்தில் மட்டும் மூவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இந்த ஆற்றில் கயிறே வேண்டாம், காற்று குறைந்தால் இருந்த இடத்திலிருந்து ஏறு, படகு வந்து எடுத்துக்கொள்ளும் என்பது மூத்தவர் கட்சி. படகுப் போக்குவரத்துள்ள இடத்தில் டைவர் எங்கோ ஓரிடத்தில் தலைகாட்டுவதைவிட நங்கூரக் கயிற்றில் வருவதுதான் பாதுகாப்பு, கட்டுகிறவர் சங்கிலியில் கட்டாமல் நங்கூரத்தில் கட்டட்டும் என்கிறார் படகோட்டி. நங்கூரம் புதைந்திருந்தால் எங்கே கட்டுவது என்பதற்கு அவரிடமும் பதில் இல்லை. ஆகவே என் சாய்வு மூத்தவர் பக்கம், கண்காணிக்க இரண்டாவது ஆள் படகில் இருக்கும் வரை. இளையவர் இப்போதைக்கு ரீல் இல்லாமல், போனி பாட்டிலோடு இறங்குகிறார். பை இன்னும் அந்தக் கட்டைக்கு அடியில்தான் இருக்கிறது.